ஏழாவது நிரல்

அப்புத்தளைக்குக் கீழே
கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில்
படம் விழுந்தது.
நீல வளைவு மழை. சிவப்புக் கோடு எல்லை.
சோல்வெய்க் பேசுவாள், உதேனி தலையசைப்பார்,
நடுவில் நான்,
ஒரு வாயும் மூன்று அகராதியும்.

முதல் சொல்லிலேயே வழுக்கியது.
'நாய யாம' என்றார் உதேனி, சிங்களத்தில்.
மண்சரிவைத்தான் சொன்னார்.
ஈரப் படங்கை உதறியபடி செம்பாயி எழுந்தாள்:
"நாயமா?
அதத்தானே நாலு வருசமா நாங்களும் கேக்குறோம்."
மடுவம் குலுங்கிச் சிரித்தது.
என்ன வேடிக்கை என்று சோல்வெய்க் கேட்டாள்.
பிறகு சொல்கிறேன் என்றேன்.
எங்கள் தொழிலின் மிகப் பழைய பொய் அது.

அடுத்த படம்: ஆண்டொன்றில் ஐந்து வீதம்.
அதன் கீழே, சிறிய எழுத்தில்,
ஏற்கத்தக்க அபாயம்.

எண்ணைக் கையில் கொடு என்று
கொழும்பில் மூன்று நாள் பயிற்சி தந்திருந்தார்கள்.
கொடுத்தேன்.
"ஒரு பையில இருபது சீட்டு. ஒண்ணுல கறுப்புப் புள்ளி.
வருசத்துக்கு ஒருக்கா இழுக்கிறோம்."

"சீட்டுன்னா" என்றாள் ரெங்கநாயகி,
லயத்துச் சீட்டுப் பணம் அவள் கையில்தான்,
"இருபது தவணையில எல்லாருக்கும் விழுந்துருமே.
கடைசிச் சீட்ட நான் எடுத்துக்கிறேன்."

இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன்.
எடுத்த சீட்டு திரும்பப் பைக்குள் போகும்.
முதல் வருடமே விழலாம்.
பேரன் காலம் வரை விழாமலும் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் தகரத்தில் தூறல் மட்டும்.

"அப்ப அது சீட்டில்ல, சூது.
ஏத்துக்கிட்டது யாரு?"

இதை மட்டும்
ஒரு சொல்லும் மழுக்காமல் ஆங்கிலத்தில் வைத்தேன்.
சோல்வெய்க் அந்தப் படத்தை அணைத்தாள்.
வெள்ளைச் சுவர். அதில் ஒரு பல்லி.
சரி, நீங்கள் எதைப் பார்த்து எழுந்து ஓடுவீர்கள்
என்று கேட்டாள்.

பீலித் தண்ணி டீ நெறத்துக்கு மாறும்.
மழை கொட்டும்போதே கான் வத்திப்போகும்.
எட்டாம் நம்பர் மலையில தேயிலை நிரை
போன மாசமே கோணிக்கிச்சு.
ராவுல மலைக்கு வயிறு இரையும்.

'இவர்கள் நம்புகிறார்கள்' என்று தொடங்கினேன்.
நம்புகிறார்கள் என்றதும்
அவள் பேனா மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.
உதேனியும் பார்த்தார்.
உடைந்த தமிழில், எல்லோர் முன்னும்,
"நம்புறது இல்ல. பாக்குறது" என்றார்.

வெட்கமாக இருந்தது.
அந்த மலைக்கு அடுத்த மலையில்
ஆறாம் காம்பராவில் பிறந்தவள் நான்.

திருத்தினேன். 'அவதானித்திருக்கிறார்கள்.'
பேனா திறந்தது.

அட்டவணையில் அதுவரை ஆறு நிரல்:
திகதி, நேரம், மழை, சரிவு, ஈரம், ஒப்பம்.
ஏழாவதை செம்பாயியின் மகள் தவமலர்
அடிமட்டம் இல்லாமலே கோடு போட்டு எழுதினாள்:
பீலி. தெளிவு, கலங்கல், இல்லை.

ஐப்பசியில் ஒரு விடியல்.
மழைமானி கோட்டுக்குப் பத்து மில்லிமீற்றர் கீழே.
தவமலரின் குறுஞ்செய்தி, ஐந்து நாற்பதுக்கு:
'பீலி கலங்கல். கான் இல்லை. கெளம்பிட்டோம்.'
கண்டியிலிருந்து உதேனி, எங்கோ இரவிலிருந்து சோல்வெய்க்,
ஒருவரும் 'கோட்டைத் தொடவில்லையே' என்று கேட்கவில்லை.

மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள்.
மலை இறங்கவில்லை.
நாட்கூலி போனது.
"உங்க பேச்ச நம்பி மூணு பேர்" என்று
மூன்று விரலை நீட்டினாள் ரெங்கநாயகி. யாருடைய பேச்சை
என்று நான் கேட்கவில்லை.
சீட்டு திரும்பப் பைக்குள்.

நேற்று சோல்வெய்கின் கடிதம்.
கட்டுரை முடிகிறதாம். பெயர்ப் பட்டியலில்
தவமலருக்கு முன்னெழுத்து என்ன?
கடைசியில் ஒரு வரி:
அன்று எல்லோரும் சிரித்தார்களே,
அந்தச் சொல் என்ன?

மண் சரிவது, ஒரு மொழியில்.
நியாயம், பக்கத்து மொழியில், பேச்சுவழக்கு.
இரண்டு வரியாக எழுதினேன்.
எந்த வரி மேலே வர வேண்டும் என்று
இன்னும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.